கருவும் கருவூலமும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் தாய்சேய் நலத்துக்கு அரசுகள் செய்யும் செலவைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறைய பேர் எழுதிவிட்டீர்கள். கர்ப்பிணிகளும் எழுதியிருக்கிறார்கள், பொருளாதாரம் படிக்கிறவர்களும் எழுதியிருக்கிறார்கள். இரண்டு தரப்பும் ஒரே விஷயத்தைத்தான் இரண்டு முனையிலிருந்து கேட்கிறது என்று எனக்குப் பட்டது. அதனால் இந்த முறை வேறு கேள்விகளை எடுக்காமல் இதற்கே முழு இடத்தையும் கொடுத்துவிட்டேன்.

கேள்வி: கர்ப்பிணி என்ன சாப்பிடுகிறாள் என்பது அந்தந்த வீட்டுப் பாடு. அதில் நிதியமைச்சருக்கு என்ன வேலை? எல்லாவற்றையும் அரசு தலையில் கட்டுவது சரியா? (ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர்)

எல்லாவற்றையும் அரசு தலையில் கட்டச் சொல்லவில்லை. ஆனால் வீட்டுப் பாடு என்று நீங்கள் ஒதுக்கிவிடுகிறீர்களே, அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. உலக சுகாதார நிறுவனமும் மற்ற ஐ.நா. அமைப்புகளும் சேர்ந்து போட்ட கணக்குப்படி 2023இல் மட்டும் ஏறக்குறைய 2,60,000 பெண்கள் கர்ப்பத்திலோ பிரசவத்திலோ அதையொட்டிய நாட்களிலோ இறந்திருக்கிறார்கள். பத்தில் ஒன்பது மரணங்களுக்கு மேல் வருமானம் குறைந்த நாடுகளிலும் அதற்கு அடுத்த படியில் இருக்கிற நாடுகளிலும் நடந்தவை. அந்த நாட்டு வீடுகளில் எல்லாம் அக்கறை இல்லை, பணக்கார நாட்டு வீடுகளில் மட்டும் அக்கறை இருக்கிறது என்று யாராவது சொல்ல முடியுமா?

இந்த மரணங்களுக்கு முதல் காரணம் ரத்தப்போக்கு. நாலில் ஒன்றுக்கு மேல் அதனால்தான். பிரசவத்தில் ஓரளவு ரத்தம் எல்லாருக்கும் போகும். ஹீமோகுளோபின் நன்றாக இருக்கிறவள் தாங்கிக்கொள்வாள், ஏற்கெனவே சோகை பிடித்திருப்பவள் அதைவிடக் குறைந்த இழப்பிலேயே சரிந்துவிடுவாள். அந்தச் சோகை வலி எடுத்த அன்று வந்ததில்லை, பல மாதம் முன்னால், சொல்லப்போனால் அவள் பள்ளிக்கூடத்துப் பெண்ணாக இருந்தபோதே தொடங்கியது. உலகத்தில் இன்று கர்ப்பமாக இருக்கிற பெண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் ரத்தசோகை இருக்கிறது.

அப்புறம் வயிற்றுப் பிள்ளை. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் ராணுவம் நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு போகாமல் தடுத்தது. சில மாதங்கள்தான் அந்தப் பஞ்சம். அப்போது கருவில் இருந்தவர்களைப் பின்னாளில், அவர்கள் நடுவயதைத் தாண்டிய பிறகு, ஆராய்ந்தபோது சர்க்கரையை உடல் கையாள்வதில் கோளாறு தெரிந்தது. கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் பட்டினியைச் சந்தித்தவர்களிடம் இதயநோய் அதிகமாக இருந்தது. அம்மா சில மாதம் சாப்பிடாததற்குப் பிள்ளை ஐம்பது வயதில் விலை கொடுக்கிறது.

நீங்கள் வங்கியில் இருந்தவர் என்பதால் உங்கள் துறை வழியாகவே சொல்கிறேன். ஊட்டச்சத்துக்கு ஒரு டாலர் போட்டால் 23 டாலர் அளவுக்குப் பலன் வரும் என்று உலக வங்கி 2024இல் கணக்கிட்டது. ஆனால் அந்தப் பலன் எப்போது, யாருக்கு வருகிறது? இருபது முப்பது வருடம் கழித்து வருகிறது. கொஞ்சம் அந்தப் பிள்ளையின் சம்பளமாக, கொஞ்சம் அரசுக்கு வரியாக, கொஞ்சம் ஆகாமல் போன மருத்துவச் செலவாக வருகிறது. இன்று கையில் காசில்லாத குடும்பம் அந்தப் பலனை ஈடு காட்டி எந்த வங்கியிலும் கடன் வாங்க முடியாது. பலன் நிச்சயம், காலம் நீளம், லாபம் ஊருக்கே பிரிந்து போகிறது. இப்படிப்பட்ட செலவுக்காகத்தான் பொதுப்பணம் என்ற ஒன்றே இருக்கிறது.

கேள்வி: எனக்கு ஐந்தாம் மாதம். அரசு மருத்துவமனையில் தந்த இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் குமட்டல், மலச்சிக்கல். நிறுத்திவிட்டு நல்ல சாப்பாட்டிலேயே சரிக்கட்டிவிடலாமா?

நிறுத்தாதீர்கள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நல்ல சாப்பாடு அவசியம்தான். ஆனால் கர்ப்பத்தின் பின்பாதியில் உடம்பு கேட்கிற இரும்புச்சத்தைச் சாப்பாட்டிலிருந்து மட்டும் எடுப்பது பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிற காரியமில்லை. அதனால்தான் கர்ப்பிணிகள் எல்லாருக்கும் தினமும் 30 முதல் 60 மில்லிகிராம் இரும்பும் 0.4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் தரச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

குமட்டலுக்கு வழி இருக்கிறது. வெறும் வயிற்றில் எடுத்தால் இரும்பு நன்றாக ஏறும் என்பது உண்மை, ஆனால் அப்படி எடுத்து மாத்திரையே நின்றுபோவதைவிட ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படுக்கப் போகும்போது எடுப்பது எவ்வளவோ மேல். டீ, காபியோடு எடுக்கக் கூடாது, குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். கால்சியம் மாத்திரையும் தருகிறார்கள் என்றால் அதை வேறு வேளைக்கு வையுங்கள், இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் இரும்பு ஏறுவதைக் கால்சியம் தடுக்கும். வைட்டமின் சி உள்ள பழம் கூடச் சேர்ந்தால் நல்லது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மலச்சிக்கலுக்குத் தண்ணீரும் நார்ச்சத்தும். இவ்வளவும் செய்து முடியவில்லை என்றால் செவிலியரிடம் சொல்லுங்கள், வேறு வகை மாத்திரையோ குறைந்த அளவோ தர முடியும். ரத்தப் பரிசோதனையில் வந்த ஹீமோகுளோபின் எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை, 7க்குக் கீழே போனால் அது மாத்திரையால் மட்டும் தீர்கிற விஷயமில்லை, மருத்துவமனை பார்த்துக்கொள்ள வேண்டியது. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் எண் ஏறவில்லை என்றால் காரணம் வேறாக இருக்கலாம்: குடற்புழு, மலேரியா, பரம்பரையாக வரும் ரத்தக் கோளாறு. அதைச் சோதிக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

நீங்கள் கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்த ஒரு வரி என்னை விடவில்லை. "போன மாதம் மாத்திரை இல்லை என்று சொல்லிவிட்டார்கள், அது ஒரு நிம்மதியாக இருந்தது" என்று எழுதியிருந்தீர்கள். அந்த நிம்மதி எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஒரு மாதம் உங்கள் கணக்கில் திரும்பி வராது. அடுத்த கேள்வியின் பதிலையும் படியுங்கள், அது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

கேள்வி: பல நாடுகளில் வருடா வருடம் பட்ஜெட்டில் தாய்சேய் நலத்துக்கு ஒதுக்கீடு கூடிக்கொண்டுதான் போகிறது. ஆனால் ரத்தசோகை அப்படியே இருக்கிறது. பணம் பிரச்சினை இல்லையோ? (முதுகலை பொருளாதார மாணவர்)

பணமும் பிரச்சினைதான். ஆனால் எந்தப் பணம் என்று பார்க்க வேண்டும். பட்ஜெட் நாளில் தலைப்புச் செய்தியாக வருவது ஒதுக்கீடு. வருட நடுவில் அது திருத்திய மதிப்பீடாக மாறும், அநேகமாகக் குறைந்திருக்கும். வருடம் முடிந்து வெகுநாள் கழித்து உண்மையில் எவ்வளவு செலவானது என்ற கணக்கு வெளிவரும். அன்றைக்கு அதைப் பற்றி எந்தச் செய்தியும் வராது. இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்காமல் ஒதுக்கீடு கூடியது என்று மட்டும் எழுதுகிற ஆய்வுக் கட்டுரையை நம்பாதீர்கள். விலைவாசி ஏற்றத்தைக் கழித்துவிட்டு, பிறகு கர்ப்பிணிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். கூடியதாகச் சொன்ன ஒதுக்கீடு பல இடங்களில் தலைக்கு இவ்வளவு என்று வரும்போது குறைந்திருக்கும்.

2001 ஏப்ரலில் ஆப்பிரிக்க நாடுகளின் தலைவர்கள் நைஜீரியாவின் அபுஜாவில் கூடி, பட்ஜெட்டில் குறைந்தது 15 சதவீதம் சுகாதாரத்துக்கு என்று உறுதி எடுத்தார்கள். அதை எட்டிய நாடுகள் எந்த வருடத்திலும் ஒரு கைப்பிடிதான். இது எல்லாரும் மேற்கோள் காட்டுகிற விஷயம். அதிகம் பேசப்படாத இன்னொன்று இருக்கிறது: கொடுத்த ஒதுக்கீட்டிலேயே ஒரு பகுதி செலவாகாமல் கருவூலத்துக்குத் திரும்பிப் போகிறது. மாத்திரை இல்லை என்று ஒரு பக்கம் கர்ப்பிணியைத் திருப்பி அனுப்புகிறார்கள், மறுபக்கம் மாத்திரை வாங்க வைத்த பணம் செலவாகவில்லை என்று திரும்பிப் போகிறது. இதை எங்கே படித்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

ஏன் இப்படி ஆகிறது? நிதியாண்டு பன்னிரண்டு மாதம். முதல் காலாண்டில் பணம் விடுவிக்க மாட்டார்கள், வரி வசூலைப் பார்த்துவிட்டுத் தரலாம் என்று நிதித்துறை காத்திருக்கும். இரண்டாம் காலாண்டில் பாதி வரும். அதன் பிறகுதான் டெண்டர், டெண்டரில் தகராறு, மறு டெண்டர். மாத்திரை வந்து சேரும்போது வருடக் கடைசி. அப்போது அவசர அவசரமாக எல்லாவற்றையும் செலவு செய்து கணக்கை முடிக்கப் பார்ப்பார்கள், முடியாதது திரும்பிப் போகும். தணிக்கை செய்கிறவர் பார்வையில் வருடத்துக்குள் செலவானால் சரி. கர்ப்பம் ஒன்பது மாதம்தான். நிதியாண்டின் தொடக்கத்தில் கரு உண்டான பெண்ணுக்கு, பத்தாம் மாதம் வந்த மாத்திரையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவளுக்கு அந்த ஒதுக்கீடு பூஜ்யம்தான், காகிதத்தில் நூறு சதவீதச் செலவு என்று இருந்தாலும். என்னைக் கேட்டால் இந்தத் துறையில் எவ்வளவு என்ற கேள்விக்குச் சமமாக எந்த மாதம் என்ற கேள்வியையும் கேட்க வேண்டும், பொருளாதாரம் படிக்கிறவர்கள் இதை அளக்கத் தொடங்கினால் பெரிய உபகாரம்.

இன்னொன்று, வெட்டு எங்கே விழுகிறது என்பது. வருமானம் குறைந்தால் சம்பளத்தில் கைவைக்க முடியாது, ஊழியர் சங்கங்கள் விடாது, விடவும் கூடாது. கட்டடம் கட்டுவதில் அரசியல் ஆசை இருக்கிறது. மிச்சம் இருப்பது மருந்து, வண்டிக்கு டீசல், குளிர்ப்பெட்டிக்கு மின்சாரம். வெட்டு அங்கே விழும். பிரசவத்தில் ரத்தப்போக்கை நிறுத்தும் ஆக்ஸிடோசின் ஊசி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து. மின்கட்டணம் கட்டாமல் குளிர்ப்பெட்டி நின்றால் மருந்து வீரியம் இழந்துவிடும். செவிலியர் இருப்பார், சம்பளம் வாங்கியிருப்பார், ஊசியும் போடுவார், ரத்தம் நிற்காது. சில சமயம் தேவைப்படுவது எவ்வளவு சின்னப் பொருள் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வு ஒன்று. பிரசவத்தின்போது அளவுகோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பைக் கீழே வைத்து, எவ்வளவு ரத்தம் போகிறது என்று கண்ணால் ஊகிக்காமல் அளந்து, அளவு மீறினால் எல்லாச் சிகிச்சையையும் ஒன்றாக உடனே தொடங்கினார்கள். கடுமையான ரத்தப்போக்கும் அதன் விளைவான ஆபத்துகளும் 60 சதவீதம் குறைந்தன. அந்த விரிப்பு பட்ஜெட்டின் எந்தத் தலைப்பில் வரும்? சம்பளத்தில் வராது, கட்டடத்தில் வராது. முதலில் வெட்டு விழும் தலைப்பில்தான் வரும்.

கேள்வி: என் மனைவி முதல் பிள்ளை உண்டாகியிருக்கிறாள். விளம்பரத்தில் வரும் புரோட்டீன் பவுடர் வாங்கித் தரணுமா? விலை அதிகம், ஆனாலும் பிள்ளைக்காக வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன்.

மனைவியின் எடை சரியாக இருந்து மூன்று வேளையும் கலந்து சாப்பிடுகிறார் என்றால் தேவையில்லை. புரோட்டீன் மட்டும் மிக அதிகமாக உள்ள பவுடரைக் கர்ப்பிணிகளுக்குத் தர வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மெலிந்த பெண்கள் அதிகமாக இருக்கிற சமூகங்களில் மாவுச்சத்தும் கொழுப்பும் புரதமும் சரியான அளவில் கலந்த கூடுதல் உணவு தரச் சொல்கிறார்கள், அது வேறு. பவுடரில் சர்க்கரை எவ்வளவு என்று டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள், கர்ப்பகாலச் சர்க்கரைநோய் இருக்கிறவர்களுக்கு அது கெடுதல் செய்யும். அந்தப் பணத்தை முட்டை, பால், பருப்பு, பழம், கீரை என்று பிரித்துச் செலவழியுங்கள். நேரம் இருந்தால் செக்கப்புக்குக் கூடப் போங்கள். எட்டு முறையாவது பார்க்க வேண்டும் என்பது 2016இல் இருந்து பரிந்துரை, முதல் முறை மூன்று மாதத்துக்குள்.

கேள்வி: கர்ப்பிணிகளுக்குப் பணமாகக் கொடுப்பது நல்லதா, உணவாகக் கொடுப்பது நல்லதா?

இதற்கு ஒற்றை வார்த்தையில் பதில் எதிர்பார்க்கிறீர்கள், என்னிடம் இல்லை. சந்தையில் பொருள் கிடைத்து, விலை நிலையாக இருந்து, பணம் பெண்ணின் கைக்கே போகிறது என்றால் பணம் நன்றாக வேலை செய்கிறது. மெக்சிகோ 1997இல் தொடங்கிய திட்டத்தில் தாயின் பெயருக்கே பணம் கொடுத்தார்கள், செக்கப்புக்கு வர வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனைகளோடு. பிறகு பல நாடுகள் அதைப் பின்பற்றின. விலைவாசி தாறுமாறாக ஏறுகிற காலத்தில் பணத்தின் மதிப்பு கரைந்துவிடும், அப்போது உணவு நல்லது. உணவாகக் கொடுத்தால் கசிவும் தரக்குறைவும் வரும், அதைக் கண்காணிக்க ஆள் வேண்டும்.

ஆனால் எதற்காகக் கொடுக்கிறோம் என்பதில் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் எதற்குக் காசு கொடுக்கிறோமோ அதுதான் நடக்கும். இந்தியா 2005இல் மருத்துவமனையில் பிரசவம் பார்த்தால் பணம் என்று ஒரு திட்டத்தைத் தொடங்கியது. தேசியக் குடும்பநல ஆய்வுகளின்படி மருத்துவமனைப் பிரசவம் 2005-06இல் 39 சதவீதமாக இருந்தது, 2019-21இல் 89 சதவீதத்தை எட்டிவிட்டது. இது மிகப் பெரிய மாற்றம், குறைத்துச் சொல்லவே கூடாது. அதே ஆய்வுகளில் ரத்தசோகை உள்ள கர்ப்பிணிகள் 58 சதவீதத்திலிருந்து 52க்கு வந்தார்கள், பதினைந்து வருடத்தில் அவ்வளவுதான். பிரசவ நாளுக்குக் கொடுத்த பணம் பிரசவ நாளை மாற்றியது. அதற்கு முந்தைய மாதங்களை மாற்றுவதற்கு அந்த மாதங்களில் கைக்கு வருகிற பணம் வேண்டும். பல நாடுகளில் கர்ப்பிணிக்கான உதவித்தொகை ஆவணம், வங்கிக் கணக்கு, சரிபார்ப்பு என்று இழுத்துப் பிள்ளை பிறந்த பிறகு வந்து சேர்கிறது. வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் அதைக் கர்ப்பகால உணவுக்கான உதவி என்று கணக்கெழுதுவது நியாயமில்லை.

கேள்வி: கடனில் மூழ்கிய நாடு வட்டி கட்டுமா, கர்ப்பிணிக்குச் சத்துமாவு கொடுக்குமா? பணக்கார நாடு ஆன பிறகுதான் இதெல்லாம் சாத்தியம் என்று என் பேராசிரியர் சொல்கிறார்.

கடன் பாரம் பொய்யில்லை. சுகாதாரத்துக்கோ கல்விக்கோ செலவிடுவதைவிட வட்டிக்கு அதிகமாகச் செலவிடுகிற நாடுகளில் 330 கோடி மக்கள் வாழ்கிறார்கள் என்று ஐ.நா.வின் வர்த்தக வளர்ச்சி அமைப்பு 2023இல் சொன்னது. வெளிநாட்டு உதவியும் சுருங்கிக்கொண்டு வருகிறது. 2025இல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி அமைப்பையே மூடியபோது மருந்துகள் மட்டும் நிற்கவில்லை. பல பத்தாண்டுகளாக ஏழை நாடுகளில் வீடு வீடாகப் போய் ரத்தசோகை, குழந்தை உயரம், எடை எல்லாம் அளந்துவந்த ஆய்வுத் திட்டத்துக்கும் நிதி நின்றது. நிலைமை மோசமானால் மோசமானது என்று தெரிந்துகொள்ளும் வழியும் அடைபடுகிறது என்பதுதான் எனக்கு அதிகக் கவலை.

ஆனால் பணக்கார நாடு ஆன பிறகுதான் என்பதை வரலாறு ஒப்புக்கொள்ளாது. இலங்கையைப் பாருங்கள். 1930களில் அங்கே லட்சம் பிரசவத்துக்கு 2,000 தாய்மார் அளவுக்கு இறந்துகொண்டிருந்தார்கள். 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது, பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் கிராமம் கிராமமாகப் போனார்கள், 1931இல் பெண்களுக்கும் சேர்த்து வாக்குரிமை வந்தது, அதன் பிறகு தங்கள் தொகுதிக்கு மருத்துவமனை கேட்காத உறுப்பினர் அரிது. மலேரியா ஒழிப்பும் சேர்ந்துகொண்டது. தாய் மரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஏன் நடந்தது என்று விசாரிக்கும் வழக்கம் பின்னால் வந்தது. இன்று அந்த எண் முப்பதுக்குக் கீழே இருக்கிறது. இதில் பெரும்பகுதி இறக்கம் நாடு ஏழையாக இருந்தபோதே நடந்தது. அதே இலங்கையில் 1973 முதல் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் கொடுத்துவந்த திரிபோஷா சத்துமாவு, 2022 நெருக்கடியில் தடைபட்டது. ஏழை நாட்டால் கட்ட முடியும் என்பதற்கும், கட்டியதை நிதி நெருக்கடி ஆட்டிவிடும் என்பதற்கும் ஒரே நாடு சாட்சி.

பெரு இன்னொரு விதம். 2006 தேர்தலில் அதிபர் பதவிக்கு நின்றவர்களிடம் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவை, அதாவது வயதுக்கேற்ற உயரம் இல்லாமையை, ஐந்து ஆண்டுகளில் ஐந்து சதவீதப் புள்ளி குறைப்பேன் என்று தன்னார்வ அமைப்புகள் சேர்ந்து கையெழுத்து வாங்கின. ஜெயித்தவர் கையெழுத்தும் அதில் இருந்தது. அப்புறம் நிதித்துறையே இறங்கி வந்தது, அதுதான் முக்கியம். இவ்வளவு கர்ப்பிணிகளுக்கு மாத்திரை, இவ்வளவு குழந்தைகளுக்குத் தடுப்பூசி, எடை பார்த்தல் என்று விளைவோடு பட்ஜெட்டைக் கட்டினார்கள், எந்த மாகாணத்தில் என்ன நடக்கிறது என்று அளந்து அதற்கேற்பப் பணம் விட்டார்கள். 2008இல் 28 சதவீதமாக இருந்த வளர்ச்சிக் குறைவு 2016இல் 13 ஆனது. அந்தக் காலத்தில் பொருளாதாரமும் வளர்ந்தது, அதையும் சொல்ல வேண்டும். சின்னக் குழந்தைகளின் ரத்தசோகை அங்கே இன்னமும் நாற்பது சதவீதத்தைச் சுற்றியே நிற்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் பேராசிரியரிடம் ஒன்றைக் கேளுங்கள்: எட்டே வருடத்தில் பாதிக்கு மேல் குறைக்க முடிந்ததென்றால், பணக்காரர் ஆகும்வரை காத்திருக்கச் சொல்வது யாருடைய பிள்ளைகளின் செலவில்?

கேள்வி: புது வரி போட்டுத்தான் இதற்குப் பணம் திரட்ட முடியுமா?

ஒரு வழி அது. பிலிப்பைன்ஸ் 2012இல் சிகரெட், மது மீதான வரியை உயர்த்தி, கூடுதலாக வந்ததில் பெரும்பகுதியை ஏழைகளின் மருத்துவக் காப்பீட்டுக்குக் கொடுத்தது. தாய்லாந்தில் 2001 முதல் மது, புகையிலை வரிக்கு மேல் 2 சதவீதம் வசூலித்து சுகாதார மேம்பாட்டு நிதிக்குத் தருகிறார்கள். தனித் தலைப்பில் கட்டிவைத்த பணத்தை நிதித்துறைகள் விரும்புவதில்லை, கைகள் கட்டப்படுகின்றன என்பார்கள், அதில் ஒரு நியாயமும் இருக்கிறது. வாங்கும் பொருளுக்கெல்லாம் ஏழையிடமும் ஒரே வீதத்தில் பிடிக்கிற வரியை உயர்த்தி ஏழைத் தாய்க்குக் கொடுப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: உயர்நிலைப் பள்ளி ஆசிரியை நான். வகுப்பில் மயங்கி விழும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். இவர்களுக்கும் தாய்நலத் திட்டத்துக்கும் சம்பந்தம் உண்டா?

நேரடிச் சம்பந்தம் உண்டு, நீங்கள் கேட்டது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கருவில் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. பல பெண்களுக்கு அப்போது தாங்கள் கர்ப்பம் என்றே தெரிந்திருக்காது. அதனால் ஃபோலிக் அமிலம் உடம்பில் முன்கூட்டியே இருக்க வேண்டும். இரும்பும் அப்படித்தான், சேமிப்பே இல்லாமல் கர்ப்பத்துக்குள் போகிற பெண்ணுக்கு ஒன்பது மாதத்தில் ஈடுகட்டுவது கஷ்டம். பதினாறு பதினேழு வயதில் கர்ப்பமானால் நிலைமை இன்னும் மோசம், அவள் உடம்பே இன்னும் வளர்கிறது, வயிற்றுப் பிள்ளையும் அதே சாப்பாட்டைக் கேட்கிறது.

சிக்கல் என்னவென்றால், இந்த வயதுப் பெண் எந்தத் துறையின் கணக்கிலும் முழுதாக வருவதில்லை. சுகாதாரத் துறை கர்ப்பிணியைப் பார்க்கிறது, கல்வித் துறை தேர்ச்சி சதவீதத்தைப் பார்க்கிறது, மகளிர் நலத் துறையின் கண் சின்னக் குழந்தைகள் மேல். பள்ளியை விட்டு நின்றவள் யார் கண்ணிலும் படுவதில்லை. உங்கள் பள்ளியில் வாரம் ஒரு முறை இரும்பு மாத்திரை கொடுக்கும் திட்டம் இருந்தால் அதைச் சடங்காக விடாமல், சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் முன்னால் விழுங்க வையுங்கள், நீங்களும் ஒன்று எடுத்துக்கொண்டால் பிள்ளைகளுக்குப் பயம் போகும். மயங்கி விழுகிறவளை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு இருக்கிறதா என்று தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள், வீட்டில் இதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள்.

கேள்வி: எங்களைப் போன்ற சாதாரண ஆட்களால் பட்ஜெட் விஷயத்தில் என்ன செய்ய முடியும்? கோஷம் போடத் தெரியாது.

கோஷம் வேண்டாம். உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற அரசு சுகாதார நிலையத்தில் மருந்து இருப்புப் பதிவேடு ஒன்று இருக்கும். கடந்த பன்னிரண்டு மாதத்தில் இரும்பு மாத்திரை எந்தெந்த மாதம் இல்லாமல் இருந்தது என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி போதும், தொடக்கத்துக்கு. செவிலியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற தொனியில் கேட்காதீர்கள், மாத்திரை வராததற்கு அவர் காரணமில்லை, அநேகமாக மேலே கடிதம் எழுதிக் களைத்துப் போயிருப்பவர் அவர்தான். உங்கள் கேள்வி அவருக்கும் பலம். பதிலை எடுத்துக்கொண்டு உள்ளாட்சிக் கூட்டத்துக்குப் போங்கள், இந்த மாதங்களில் ஏன் இல்லை, பணம் வரவில்லையா, வந்தும் கொள்முதல் ஆகவில்லையா என்று எழுத்தில் கேளுங்கள். தகவல் கேட்கும் சட்டம் இருக்கிற நாட்டில் மூன்று வருட ஒதுக்கீட்டையும் உண்மைச் செலவையும், பணம் விடுவித்த தேதிகளோடு சேர்த்துக் கேட்கலாம். தேதி இல்லாமல் தொகையை மட்டும் தந்தால் தேதியையும் தரச் சொல்லி மறுபடி எழுதுங்கள். உதவித்தொகை தாமதமாகிற கர்ப்பிணிகள் உங்கள் தெருவில் இருந்தால், எத்தனையாவது மாதத்தில் விண்ணப்பித்தார்கள், எத்தனையாவது மாதத்தில் கைக்கு வந்தது என்ற இரண்டு எண்களை மட்டும் குறித்துவையுங்கள்.

யாருக்காவது பதிவேடு பார்க்கக் கிடைத்தால் எந்தெந்த மாதம் காலியாக இருந்தது என்று எனக்கு எழுதுங்கள். ஊர்ப் பெயரோ ஆள் பெயரோ வேண்டாம், மாதங்கள் போதும். வருவதைத் தொகுத்து அடுத்தடுத்த இதழ்களில் போடுகிறேன்.